வேர்முடிச்சின் உள்ளே கண்டவர்

நிலக்கடலைச் செடியைப் பிடுங்கியவர்கள் அதன் வேரில் மணிகள் கோத்தாற்போன்ற சிறு முடிச்சுகளைக் கண்டிருப்பார்கள். அவற்றுள் வாழும் பாக்டீரியாவை முதன்முதல் தனியே பிரித்து வளர்த்தவர் மார்ட்டினஸ் பெய்ஜரிங்க் என்னும் டச்சு அறிஞர். அவர் பெற்ற வெற்றியைவிட, அவர் மறைக்காத தோல்வியே என்னைக் கவர்ந்தது.

பெய்ஜரிங்க் 1851-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். புகையிலை வாணிகரான தந்தையின் தொழில் நொடித்துப் போகவே, குடும்பம் வறுமையுற்றது. எனினும் அவர் டெல்ஃப்டில் பயின்று, 1877-இல் லைடன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். வாகெனிங்கனில் வேளாண்மை ஆசிரியராக இருந்து, 1885-இல் டெல்ஃப்ட் நகர ஈஸ்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

1886-இல் ஜெர்மானியரான ஹெல்ரீகல், அவரையினச் செடிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயன்கொள்கின்றன என்றும், அதற்கு மண்ணிலுள்ள நுண்ணுயிரின் துணை வேண்டும் என்றும் அறிவித்தார். அந்நுண்ணுயிர் எது? இலைக் கஷாயத்தோடு சர்க்கரையும் ஜெலட்டினும் சேர்த்து, அதில் முடிச்சிலிருந்த பாக்டீரியாவை 1888-இல் தனித்து வளர்த்துக் காட்டினார் பெய்ஜரிங்க்.

ஆனால், தனித்து வளர்ந்த அந்தப் பாக்டீரியா நைட்ரஜனைக் கவர்ந்ததாக அவரால் காட்ட இயலவில்லை. அவரும் காட்டியதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

அந்த 'இல்லை' எவ்வளவு பொருள் பொதிந்தது என்பது பின்னரே விளங்கிற்று. செடி உணவு கொடுத்து, ஆக்சிஜனையும் அளவோடு விட்டால்தான் இப்பாக்டீரியா அவ்வேலையைச் செய்யும். இந்த உறவில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்திற்குப் பெரும்பங்கு உண்டு. பாக்டீரியாவின் வேதிச் செய்தி எட்டியதும், வேர்த்தூவியின் உயிரணுக் கருவில் கால்சியத்தின் அளவு விட்டுவிட்டு ஏறி இறங்குகிறது. பாக்டீரியா வேரில் ஒட்டிக்கொள்ள உதவும் ஒரு புரதமும் கால்சியத்தை நம்பியே நிற்கிறது. அது குறைந்தால் புரதம் பாக்டீரியாவை விட்டுக் கழன்றுவிடும். இதைக் கண்டவர்கள் 1980-களில் அதே லைடன் பல்கலைக்கழகத்தில் ஆய்ந்தவர்கள். புளித்த நிலத்தில் சுண்ணாம்பு இட்டால் பயறு செழிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

பெய்ஜரிங்க் 1895-இல் டெல்ஃப்டில் பேராசிரியரானார். புகையிலைத் தேமல் நோய்க்குக் காரணம் பாக்டீரியா அன்று என்று 1898-இல் கூறி வைரஸ் ஆராய்ச்சிக்கு வழிவகுத்தார். காற்றின் நைட்ரஜனைத் தனித்தே கவரும் அசோட்டோபாக்டரை 1901-இல் விவரித்தார். மணம் புரியவில்லை, மாணவரிடம் கடுமையாக நடப்பவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. 1921-இல் ஓய்வு பெற்றுக் கோர்சல் என்னும் சிற்றூரில் வாழ்ந்து, 1931-ஆம் ஆண்டின் முதல் நாளில் மறைந்தார்.

ஆய்வுக்கூடத்தில் எதிர்பார்த்த விடை வராத மாலைகளில், குறிப்பேட்டு எண்ணைச் சற்றே திருத்தினால் என்ன என்று என் கை துடித்ததுண்டு. அப்போதெல்லாம் அவர் நினைவு வரும். வராத விடையையும் வராதது என்றே எழுதி வைப்போம், தோழர்களே! அதன் பொருளைப் பின்வருவோர் காண்பர்.