தன் கையையே சான்றாக்கிய மருத்துவர்

கடந்த மாதம் ஒவ்வாமை மருத்துவர் என் முன்கையில் எண்களை எழுதி, ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு துளி திரவம் இட்டு ஊசிமுனையால் மெல்லக் குத்தினார். பதினைந்து நிமிடங்களில் தூசிப்பூச்சிக்குரிய இடம் கொசு கடித்தாற்போல் தடித்தது. பத்தாண்டுகளாக ஓயாத சளி என நம்பி நான் விழுங்கிய மாத்திரைகள் எத்தனை! அந்தக் காத்திருப்பில் நினைவுக்கு வந்தவர் சார்லஸ் ஹாரிசன் பிளாக்லி.

1820-இல் இங்கிலாந்தில் பிறந்த அவர், அச்சுத்தொழிலிலிருந்து தாமதமாக மருத்துவத்துக்கு வந்தவர். மான்செஸ்டரில் ஹோமியோபதி மருத்துவராகப் பணியாற்றினார். கோடை வந்தால் ஓயாத தும்மலும் கண்ணரிப்பும் அவரை வாட்டின. இதே நோயால் துன்புற்ற ஜான் போஸ்டாக் 1819-இலேயே அதை விவரித்திருந்தார். ஆயினும் காரணம் வெயிலா, ஓசோனா, புல்லின் மணமா என்ற குழப்பம் நீடித்தது. பிளாக்லி ஒவ்வொன்றையும் தம் உடலிலேயே சோதித்தார். ஒருமுறை குவளையிலிருந்த புற்கொத்தை அசைத்தபோது கிளம்பிய மகரந்தம் அவரைத் தும்மலில் தள்ளியது. அதுவே தடயம்.

பிறகு செய்ததுதான் வியப்புக்குரியது. முன்கைத் தோலைச் சுரண்டி, ஈரப்படுத்திய புல் மகரந்தத்தை வைத்தார். அரிப்பும் வீக்கமும் எழுந்தன. மகரந்தமின்றிச் சுரண்டிய இடத்தில் அவ்வாறு நேரவில்லை. ஒப்பீட்டுக்காக விடப்பட்ட அந்த வெற்றுக் காயமே, என் கையில் வைக்கப்பட்ட உப்புநீர்த் துளியின் முன்னோடி என்பேன். பசை தடவிய கண்ணாடித் தகடுகளில் காற்றின் மகரந்தத்தை அவர் நாள்தோறும் எண்ணினார். பட்டங்களில் தகடுகளைக் கட்டி 1,000 அடிக்கும் மேலே அனுப்பி, உயரத்திலும் மகரந்தம் மிதப்பதைக் கண்டார். வயலே இல்லாத நகரவாசி தும்முவதற்கு இதுவே விடை.

1873-இல் நூல் வெளிவந்தது. டார்வினும் அவருடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தார். ஆனால் ஒரு புதிர் அவரை விடவில்லை: மகரந்தத்திலேயே உழலும் உழவர்கள் ஏன் அரிதாகவே நோயுறுகின்றனர், படித்தவர்களும் செல்வர்களும் ஏன் வாடுகின்றனர்? இதைச் சரியாகவே கவனித்தார். விளக்கும் கருவி அக்காலத்தில் இல்லை. 'அலர்ஜி' என்ற சொல்லே 1906-இல்தான் பிறந்தது.

1900-இல் பிளாக்லி மறைந்தார். 1911-இல் லண்டனில் லியோனார்ட் நூன், மகரந்தச் சாற்றைச் சிறிது சிறிதாக ஊசிவழி செலுத்திச் சிகிச்சை அளித்ததை வெளியிட்டார். தூசிப்பூச்சிக்கு அதே வழியை, மூன்று ஆண்டுகளுக்கேனும் தொடருமாறு எனக்குப் பரிந்துரைத்திருக்கிறார்கள். முதல் ஊசி வரும் திங்களன்று.