திரித்துவத்தை ஏற்காத ஐசக் நியூட்டன்

புவியீர்ப்பு விதியைத் தந்த ஐசக் நியூட்டனைத் தெரியாதவர் இல்லை. இயேசு யார் என்ற கேள்விக்காக அவர் செலவிட்ட ஆண்டுகள்தான் பலருக்குத் தெரியாது.

1661-ல் அவர் கேம்பிரிட்ஜில் சேர்ந்த கல்லூரியின் பெயரே டிரினிட்டி, அதாவது திரித்துவம்! அங்கு ஆய்வாளராக நீடிக்க பாதிரியார் பட்டம் ஏற்றாக வேண்டும். பைபிளையும் ஆரம்பகாலத் திருச்சபை வரலாற்றையும் துருவிப் படித்தவருக்கு அதற்கு மனம் ஒப்பவில்லை. இயேசு இறைமகன், மெசியா. ஆனால் பிதாவுக்குச் சமமான கடவுள் அல்லர் என்பதே அவர் கண்ட முடிவு. 1675-ல் மன்னர் விலக்கு அளித்ததால் பதவி தப்பியது.

1690-ல் நண்பர் ஜான் லாக்குக்கு நீண்ட ஆய்வொன்றை அனுப்பினார். திரித்துவத்திற்கு ஆதாரமாகக் காட்டப்படும் யோவானின் முதல் கடிதம் 5:7 வசனத்தின் வாசகம் பழைய கிரேக்கப் பிரதிகளில் இல்லை, பிற்காலத்தில் நுழைக்கப்பட்டது என்று அதில் நிறுவியிருந்தார். அச்சேறவிருந்த நிலையில் அவரே தடுத்துவிட்டார். அது வெளிவந்தது 1754-ல், அவர் இறந்து 27 ஆண்டுகள் கழித்து.

அவர் அஞ்சியதில் நியாயம் இருந்தது. அவருக்குப் பின் அதே பேராசிரியர் பதவிக்கு வந்த வில்லியம் விஸ்டன், இக்கருத்தைப் பகிரங்கமாகச் சொன்னதால் 1710-ல் வெளியேற்றப்பட்டார். அப்போதும் நியூட்டன் வாய் திறக்கவில்லை.

நம்மில் சிலர் அவரை நம் கொள்கைக்காரராகவே சித்தரிக்கிறார்கள். அது சரியல்ல, இயேசுவின் சிலுவை மரணத்தையும் உயிர்த்தெழுதலையும் அவர் நம்பினார்.

1727-ல் மரணப் படுக்கையில் திருச்சபையின் நற்கருணையை ஏற்க மறுத்தார். அவரது உடல் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.