அங்குலத்தை அளந்த விட்வொர்த்

பட்டறையில் வேலை பார்த்தவர்களுக்கு விட்வொர்த் மரை பழகிய பெயர். அப்பெயருக்கு உரியவர் ஜோசப் விட்வொர்த். 1803-ல் இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட்டில் பிறந்தார். லண்டனில் மாட்ஸ்லேயின் பட்டறையில் வேலை பார்த்து, 1833-ல் மான்செஸ்டரில் சொந்தத் தொழில் தொடங்கினார்.

அந்நாளில் ஒரு பட்டறையின் நட்டு மற்றொன்றின் போல்ட்டில் ஏறாது. பல பட்டறைகளின் திருகுகளைச் சேகரித்து அளந்த அவர், 1841-ல் 55 டிகிரி கோணத்தில் பொது அளவு ஒன்றை வகுத்தார்.

1854-ல் என்ஃபீல்டு துப்பாக்கி செய்யும் இயந்திரங்களுக்காக அரசாங்கம் அவரை நாடியது. எந்தக் குழாய் சிறந்தது என்று முதலில் தெரிய வேண்டும் என்றார் அவர். அரசுச் செலவில், அவர் வீட்டருகே 500 கெஜ நீளச் சோதனைக்கூடம் எழுந்தது. துளையின் வடிவம், அகலம், முறுக்கு ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சுட்டு அளந்தார். அறுகோணத் துளை தேறியது.

1857-ல் நடந்த போட்டிச் சோதனையில், 500 கெஜ தூரத்தில் என்ஃபீல்டின் குண்டுகள் சராசரியாகச் சுமார் 2¼ அடி விலகின. விட்வொர்த்தின் குண்டுகள் அரை அடிகூட விலகவில்லை.

ஆயினும் ராணுவம் அதை ஏற்கவில்லை. குழாயில் மருந்துக் கசடு விரைவில் படிந்தது. விலையோ சுமார் நான்கு மடங்கு. குறிக்கு மட்டும் மதிப்பெண் என்றால் வெற்றி அவருக்கே. ஆனால் போர்க்களத்தில் குழாய் துடைக்கும் சிப்பாயின் பாடும், கஜானாவின் செலவும் மதிப்பெண் பட்டியலில் உண்டு.

1868-ல் இளம் தொழிலாளர், மாணவர் கல்விக்கென ஆண்டுக்கு 100 பவுன் வீதம் 30 உதவித்தொகைகளை நிறுவினார். 1887-ல் மறைந்தார். ராணுவம் துப்பாக்கியை மறுத்தது. உலகம் மரையை ஏற்றது.