ஆனந்த குமாரசுவாமி: உடலெனும் குறியீடு

ஆனந்த குமாரசுவாமியைத் தத்துவ அறிஞராகவே நம் கவிஞர்கள் வாசித்து வந்துள்ளனர். தாமே வரையவும் வல்ல கை அது. 1920-இல் நியூயார்க்கில் அவருடைய 28 ஓவியங்கள் நூலாக வெளிவந்தன.

1877-இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை ஈழத்தமிழர் சர் முத்து குமாரசுவாமி. தாய் எலிசபெத் பீபி ஆங்கிலேயர். இரு வயது நிரம்புமுன் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். நிலவியல் கற்று இலங்கையின் கனிமங்களை ஆய்ந்தவர், கல்லின் வழியே சிற்பத்துக்கு வந்தார் எனலாம்.

அந்நாளைய ஐரோப்பியக் கலைப்பள்ளிகளில் ஆடையற்ற மனிதரை எதிரே நிறுத்தி வரைவதே அடிப்படைப் பயிற்சி. குறியீட்டியத்தார் இதனோடு நிறைவடையவில்லை. ரெடோன், க்னோப்ஃப் போன்றோரிடம் நிர்வாணம் உடற்கூற்றுப் பாடமாக நில்லாது, கனவையும் அச்சத்தையும் சுமக்கும் அடையாளமாயிற்று. ஆயினும் அது தனியொருவரின் கனவு. குமாரசுவாமி தேடியதோ ஒரு சமுதாயமே படிக்கவல்ல அடையாளம். காஞ்சித் தறிக்காரர் அன்னத்தை எதிரே கட்டிவைத்து முந்தானையில் அன்னம் நெய்வதில்லை. சிற்பியும் அவ்வாறே தியானத்தில் உருவைக் கண்டபின் உளியெடுக்கிறான் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்துக்கு மேற்கிலேயே செவிகள் இருந்தன. இந்தியக் கலையைத் தொகுத்துக் காட்டிய அவருடைய ‘விசுவகர்மா’ நூலுக்கு 1914-இல் முன்னுரை எழுதியவர், மனித உடலை நேரே கல்லில் செதுக்கிய எரிக் கில். அசையும் நிர்வாண உடல்களைத் தாள்பாராமல் வரைந்த ரோதன், காஞ்சிக்கு அண்மையிலுள்ள திருவாலங்காட்டு ஆடவல்லானை ஒளிப்படங்களில் மட்டுமே கண்டு, அங்கம் அங்கமாக வியந்து எழுதினார். ரோதன் 1917-இல் மறைந்தார். அவ்வெழுத்து குமாரசுவாமியின் கட்டுரையோடு ஒரே நூலில் 1921-இல் பாரிசில் அச்சேறியது. நடராசரைச் சைவர் கண்ணும் சிற்பி கண்ணும் அருகருகே கண்ட நூல் அது. தமிழில் இன்னும் பேசப்பட வேண்டியது.

எதிரே நிற்கும் மாதிரியை மறுத்தவர் உடலை மறுத்தாரில்லை. ஜார்ஜியா ஓகீஃபின் உடலைப் படமெடுத்துப் பரபரப்பூட்டிய ஸ்டீக்லிட்ஸின் 27 ஒளிப்படங்களை 1924-இல் பாஸ்டன் அருங்காட்சியகத்துக்குப் பெற்றுத் தந்தவர் அவரே. 1928-இலும் 1931-இலும் வெளிவந்த ‘யக்ஷர்கள்’ ஆய்வில், பௌத்தத் தோரணங்களில் ஆடை குறைந்து நிற்கும் இயக்கியரை மரத்துக்கும் நீருக்கும் வளத்துக்கும் உரிய தெய்வங்களாக இனங்காட்டினார். மாமரத்தடியில் இறைவனைத் தொழும் காஞ்சிக்கு இது அந்நியமான செய்தியன்று.

பிற்கால எழுத்துகளில் மெய்ப்பொருளியலே மிகுந்தது. உடல் மெல்லப் பின்வாங்கியது. கவிஞனுக்கு அது ஓர் இழப்பே. 1947 செப்டம்பர் 9-இல் அமெரிக்காவில் மறைந்தார்.