தொழிலாளர் தலைவர் பிலிப் ராண்டால்ப்

தனியொருவராற் சுமக்கவொண்ணாத சுமையைப் பலர் கூடிச் சுமத்தற்கு அமைந்ததே சங்கமாம். இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கிய பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கி உரைக்கின்றோம்.

ஏசா பிலிப் ராண்டால்ப் 1889-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாட்டின் புளோரிடா மாகாணத்திற் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தவ போதகர், தையற்றொழிலும் செய்தார். தாயாரும் அத்தொழிலில் வல்லவர். கருநிறத்தாரை அடிமைகொள்ளும் வழக்கம் 1865-இல் சட்டத்தால் ஒழிந்ததாயினும், அந்நாட்டுத் தென்பகுதியில் அவர்கட்கு வேறு பள்ளி, வேறு இருக்கை, வாக்குரிமையும் பறிபோயிற்று. ஒருகால், சிறையிலிருந்த கருநிறத்தார் ஒருவரை வெள்ளையர் கூட்டத்தார் கொல்ல வருகின்றனர் எனக் கேட்டுத் தந்தையார் சிறைவாயிலிற் காவல் நின்றார். தாயார் துப்பாக்கியை மடியிற் கிடத்தி இரவெல்லாம் வீட்டைக் காத்திருந்தார். அஞ்சாமை இவர்க்குப் பெற்றோர் வைத்த முதுசொம் என்க.

1907-இல் பள்ளிப்படிப்பை முதன்மையாக முடித்தும் தென்னாட்டில் இவர்க்குத் தக்க வேலை கிடைத்திலது. 1911-இல் நியூயார்க் சென்று, பகலிற் கூலிவேலை செய்து மாலைவகுப்பிற் கற்றார். லூசில் கிரீன் என்னும் நங்கையாரை மணந்தார். அவ்வம்மையார் சிகையலங்கார நிலையம் நடத்தி ஈட்டிய பொருளே இவர்தம் பொதுத்தொண்டுக்குப் பன்னாள் துணையாயிற்று. 1917-இல் நண்பர் சாண்ட்லர் ஓவனுடன் சேர்ந்து மெஸஞ்சர் என்னும் பத்திரிகையைத் தொடங்கினார்.

அக்காலத்தில் புல்மன் கம்பெனியார் நெடுந்தூர ரயில்களிற் படுக்கை வண்டிகளை நடத்தினர். அவற்றில் ஏவல் செய்யும் போர்ட்டர்கள் கருநிறத்தார். மாதம் 400 மணி நேரம் உழைப்பு, கூலியோ சிறிது, பிரயாணிகள் ஈயும் இனாமையே நம்பியிருந்தனர். அவரவர்க்குப் பெயரிருப்பவும், பிரயாணிகள் எல்லாரையும் ஜார்ஜ் என்றே கூப்பிடுவர். அது முதலாளி புல்மனின் பெயர். அடிமையை எசமானன் பெயரால் அழைத்த பழவழக்கின் எச்சம்.

1925 ஆகஸ்டு 25-இல் அவர்கள் சங்கம் கண்டு ராண்டால்பைத் தலைவராக்கினர். அவர் கம்பெனியின் வேலையாளல்லர்; ஆதலின் அவரை வேலைநீக்கம் செய்து அடக்குதற்கு வழியில்லை. அங்கத்தினரையோ கம்பெனியார் ஒற்றரை விட்டறிந்து நீக்கினர். 1928-இல் வேலைநிறுத்தம் கைவிடப்பட்டபின் பலர் விலகினர், சந்தா சுருங்கியது, அலுவலக வாடகைக்கும் முட்டுப்பாடு. எஞ்சிய சிலரோடு தலைவர் நின்றார். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1937 ஆகஸ்டு 25-இல் கம்பெனியார் ஒப்பந்தத்திற் கையொப்பமிட்டனர். கூலி உயர்ந்தது, மாத வேலைநேரம் 240 மணியாகக் குறைந்தது.

உலகப்போரையொட்டி ஆயுதச்சாலைகள் பெருகியபோது, கருநிறத்தார்க்கு அவற்றில் இடமில்லை. லட்சம் பேருடன் வாஷிங்டனுக்கு அணிவகுப்போம் என இவர் 1941-இல் அறிவித்தார். ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அழைத்துப் பேசியும் இணங்கிலர். ஜூன் 25-இல், அத்தொழிற்சாலைகளில் இனம், மதம், நிறம், பிறந்தநாடு பற்றிய வேற்றுமை கூடாதென ஆணை பிறந்தது. அணிவகுப்பை நிறுத்தியதற்கு இளைஞர் சிலர் இவரைக் கடிந்தனர். படையிற் பிரிவினை அப்பொழுதும் நீங்காமையால் அக்குறை பொய்யன்று. அதனை இவர் மறந்திலர். 1948-இல், பிரிவினையுள்ள படையிற் சேராது சிறைசெல்லுமாறு இளைஞர்க்கு அறிவுறுத்தப்போவதாக அரசியலார் முன்னிலையிலேயே கூறினார். அவ்வாண்டு ஜூலை 26-இல் ஜனாதிபதி ட்ரூமன் படையிற் சமத்துவத்துக்கு ஆணையிட்டார்.

1955-இல் மாண்ட்கொமரி நகரில் பஸ் இருக்கையை விட்டெழ மறுத்த ரோசா பார்க்ஸ் அம்மையாரை ஜாமீனில் மீட்டவர் இ. டி. நிக்சன், அவர் இச்சங்கத்துப் போர்ட்டரே. இருபத்திரண்டாண்டு முன்னர் நினைத்த அணிவகுப்பும் 1963 ஆகஸ்டு 28-இல் நிறைவேறியது. ஏறத்தாழ 2,50,000 பேர் கூடினர். எழுபத்துநான்கு வயதினராய், அவ்வாண்டு ஏப்ரலில் மனைவியாரை இழந்த துயருடன், ராண்டால்ப் தலைமை தாங்கினார். மார்ட்டின் லூதர் கிங் பேசியதும் அம்மேடையிலேயே. 1964-இல் குடியுரிமைச் சட்டமும், 1965-இல் வாக்குரிமைச் சட்டமும் நிறைவேறின. 1979 மே 16-இல், தொண்ணூறாம் வயதில், பெரியார் மறைந்தார்.

அன்பர்காள்! சந்தாவும் செலுத்தாது, கூட்டத்திற்கும் வாராது, சங்கத்தால் என்ன பயன் என வினவுவார் நம்மிலும் உளர். அவர்கள் அப்பன்னிரண்டு ஆண்டை எண்ணிப் பார்ப்பாராக. மற்றொன்றும் நாம் மறத்தற்பாலதன்று. ராண்டால்ப் தம் மக்களுக்காகப் போராடினார். பெற்ற ஆணையோ எவ்வினத்தார்க்கும் எம்மதத்தார்க்கும் பொதுவாயிற்று. பிறரைத் தாழ்த்தி உயர எண்ணும் சங்கம் நில்லாது. தனக்குக் கேட்கும் நீதியைப் பிறர்க்கும் விரும்பும் சங்கமே நிலைபெறும். நம் பிள்ளைகளுக்கு இச்சரிதத்தைச் சொல்வோமாக.