கஸ்தூரிபாயின் கைவளை

சென்ற தைப்பொங்கல் கழிந்த மறுவாரம், முன்னர் என்னிடந் தமிழ் பயின்ற மாணாக்கன் ஒருவன் தன் இளம் மனைவியோடும் கைக்குழந்தையோடும் விடைபெறுதற்பொருட்டு எம் இல்லத்திற்கு வந்தான். கணக்கியற் கல்வியை முற்றுவிக்கும் நோக்குடன் மூன்றாண்டு காலம் கடல் கடந்து வாழ ஆயத்தமாகியிருந்தான். செலவுக்கு வழி யாதென வினவினேன். தகப்பனார் காணியை ஈடு வைத்துப் பெற்ற தொகை, தமையனார் கொடுத்த கைமாற்று, வங்கிக் கடன் என ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னான். அவன் எண்ணாது விட்டதொன்று என் கண்ணிற்பட்டது. அப்பெண்ணின் கைகள் வெறுமையாயிருந்தன. திருமணத்தன்று நான் கண்ட காப்புகள் அடைவுகடைக்குப் போய்விட்டன என்பதை அறிய எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அவர்கள் சென்றபின், காந்தியடிகளின் சுயசரிதையை எடுத்து விரித்தேன். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பலமுறை எடுத்துரைத்த வரலாறுதான் அது. எனினும், அன்று அதனை அடிகளின் மனைவியார் நின்ற பக்கத்தில் நின்று படிக்கலானேன். கஸ்தூரிபாய் அம்மையார் தம் வரலாற்றைத் தாமே எழுதிவைத்தாரல்லர். கணவர் தம் குற்றங்களை ஒளியாது எழுதியமையால் மாத்திரம் அம்மையாரின் இளமைக்காலத்தை நாம் ஓரளவேனும் அறிய முடிகின்றது.

கத்தியவார் நாட்டின் கடற்கரைப் பட்டினமாகிய போர்பந்தரில், கோகுல்தாஸ் என்னும் வணிகரின் மகளாக 1869ஆம் ஆண்டிற் பிறந்தவர் கஸ்தூரிபாய். பள்ளிக்கு அனுப்பப்பட்டாரல்லர். 1883ஆம் ஆண்டில், சமத்தான மந்திரியாயிருந்த கரம்சந்த் காந்தியாரின் கடைசி மைந்தர் மோகன்தாசுக்கு மணமுடித்து வைக்கப்பெற்றார். அப்பொழுது மணமகனுக்கு வயது 13. செலவைச் சுருக்கும்பொருட்டு அக்குடும்பத்தார் மூன்று திருமணங்களை ஒருங்கே நடத்தினர் என்பதும் கருதத்தக்கது. இவ்விருவரின் இல்வாழ்வு தொடங்கும்போதே பணக்கணக்கும் உடன் தொடங்கிவிட்டது.

இளங்கணவர் மனைவிக்கு எழுத்தறிவிக்க விரும்பினார். ஆனால், பெரியோர் முன்னிலையிற் கணவனும் மனைவியும் பகலிற் பேசுதலும் ஒவ்வாத கூட்டுக்குடும்பம் அது. எஞ்சிய இரவுப் பொழுது படிப்பிற்கு உதவவில்லை. மனைவி தாய்வீடு சென்று தங்குதலும் வழக்கமாதலின், முதல் ஐந்தாண்டு மணவாழ்வில் இருவரும் ஒன்றாயிருந்த காலம் மூன்றாண்டுக்கு மேற்படாது. 1885ஆம் ஆண்டிற் கரம்சந்தர் காலமானார். அவ்வேளையில் இவர்களுக்குப் பிறந்த முதற் குழவியும் சில நாளுக்குள் இறந்தது. அப்பொழுது தாய்க்கு வயது 16.

1887ஆம் ஆண்டில் மோகன்தாஸ் மெட்ரிகுலேசன் பரீட்சையிற் சித்தியடைந்து, பவநகரிலுள்ள சாமல்தாஸ் கல்லூரிக்குச் சென்றார். பாடங்கள் விளங்கவில்லை. முதற் தவணை முடிந்து வீடு திரும்பியிருந்தபோது, குடும்ப நண்பராகிய மாவ்ஜி தவே என்னும் அந்தணர் ஒரு யோசனை கூறினார். பட்டம் பெறுதற்கு நான்கைந்து ஆண்டு செல்லும். பெற்றாலும் கிடைப்பது 60 ரூபா உத்தியோகம். இங்கிலாந்து சென்றால் மூன்றாண்டிற் பாரிஸ்டராகலாம். செலவு நாலாயிரம் ஐயாயிரத்தைத் தாண்டாது என்பது அவர் போட்ட கணக்கு. இளைஞர் மருத்துவமே கற்க ஆசைப்பட்டார். பிணத்தை அறுத்துக் கற்குங் கல்வி வைணவ குலத்தார்க்கு ஆகாதென்பது தந்தையாரின் கருத்தாயிருந்ததென்று தமையனார் நினைவூட்டவே, அவ்வாசை கைவிடப்பட்டது.

இனிப் பணத்திற்கு வழி தேடவேண்டும். போர்பந்தர் சமத்தானத்தை நிருவகித்த லேலி துரையிடம் உதவி கேட்கச் சென்றார். முதலிற் பட்டதாரியாகி வருமாறு கூறி அவர் அனுப்பிவிட்டார். அவ்வேளையிலேதான் மோகன்தாசின் எண்ணம் மனைவியின் நகைகள்மேற் சென்றது. அவற்றை விற்றால் இரண்டாயிரம் மூவாயிரம் ரூபா தேறும் என்று அவர் மதிப்பிட்டார். பணத்தை எவ்வாறேனுந் தேடித் தருவதாகத் தமையனார் இலட்சுமிதாசர் வாக்களித்தார். சுயசரிதையின் இப்பகுதியில் அன்னையாரின் சம்மதம் விரிவாகப் பேசப்படுகின்றது. மதுவும் மாதரும் புலாலுந் தீண்டேன் என்று பேச்சார்ஜி சுவாமி என்னும் சமண முனிவர் முன்னிலையிற் சத்தியஞ் செய்துகொடுத்த பின்னரே அன்னையார் விடையளித்தார். சாதித் தலைவரின் எதிர்ப்பும் பேசப்படுகின்றது. நகைக்குரியவரின் சம்மதத்தைப் பற்றிய பேச்சையோ நான் அங்கே காணவில்லை.

பம்பாயில் மோத் வணிகர் கூட்டங் கூடி, கடல் கடக்கத் துணிந்தவரைச் சாதியினின்றும் விலக்கிற்று. அவருக்கு உதவுவோர்க்கும் துறைமுகஞ் சென்று வழியனுப்புவோர்க்கும் ஒரு ரூபா நாலணாத் தண்டம் விதித்தது. பயணப் பணத்தைக் கையில் வைத்திருந்த மைத்துனர் அக்கட்டளைக்கு அஞ்சிக் கொடுக்க மறுத்தார். வேறொரு நண்பர் கடனாகத் தந்த பணத்துடன் 1888 செப்டெம்பர் 4ஆந் திகதி மோகன்தாஸ் கப்பலேறினார். இராஜ்கோட்டிற் கஸ்தூரிபாய் ஹரிலால் என்னுங் கைக்குழந்தையோடு நின்றார். அவர் எழுத்தறியாதவராதலின், கணவரின் மடலையும் பிறர் படித்துச் சொல்லவே கேட்கவேண்டியிருந்தது.

இலண்டனில் அவ்விளைஞர் சில காலம் உயர்ந்த உடையும் நடனப் பயிற்சியுமாகப் பணத்தை வீணாக்கினார். விரைவில் அறிவு தெளிந்து, ஒவ்வொரு காசுக்குங் கணக்கெழுதினார். ஒற்றை அறையிற் குடியிருந்தார். வண்டிக்கூலி மிச்சமாகும்படி நடந்து சென்றார். நாளொன்றுக்கு ஒரு சிலிங் மூன்று பென்சில் உணவை முடித்தார். இத்துணை நுணுக்கமாகக் கணக்கெழுதியவர், தமக்கு மனைவியும் மகனும் உளர் என்பதை மாத்திரம் அந்நாட்டு நண்பரிடம் மறைத்திருந்தார். மாணாக்கர் மணமானவராயிருத்தல் அங்கே வழக்கமன்று. அதனால் இந்திய இளைஞர் பலரும் அவ்வாறே மறைத்து வந்தனர். பின்னர் நாணமுற்று, தாய்போன்ற ஒரு மூதாட்டிக்கு உண்மையை எழுதித் தெரிவித்தார். இதனையும் அவரே எழுதியுள்ளமையால் அடிகளிடத்து என் மதிப்புக் குறையவில்லை. ஆயினும், அக்காலத்தில் இராஜ்கோட்டிற் குழந்தைக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தவரை நினைக்க மனம் நோகின்றது.

1891 யூன் 10ஆந் திகதி பாரிஸ்டராகி, 11ஆந் திகதி உயர்நீதிமன்றத்திற் பெயர் பதிந்து, 12ஆந் திகதி தாயகத்திற்குக் கப்பலேறினார். அன்னையார் இடையே காலமான செய்தி கரையிறங்கிய பின்னரே அவருக்குக் கூறப்பட்டது. மகனின் பட்டத்தை நம்பித் தமையனார் வீட்டில் மேல்நாட்டுப் பழக்கங்களைப் புகுத்தியிருந்தார். வந்தவர் அவற்றை இன்னும் பெருக்கினார். செலவு ஏறிற்று, வரவு வரவில்லை. மனைவிக்குக் கற்பிக்கும் முயற்சியும் மீண்டுந் தவறிற்று. கணவரின் ஐயப்பாட்டினாலும் கடுமையினாலும் கஸ்தூரிபாய் ஒருமுறை தாய்வீட்டிற்கே அனுப்பப்பட்டார்.

அனுபவந் தேடிப் பாரிஸ்டர் பம்பாய் சென்றார். முதல் வழக்கிற்கு அவர் பெற்ற கூலி 30 ரூபா. மன்றில் எழுந்து நின்றபோது தலை சுழன்றது; நா எழவில்லை; வழக்கை வேறொருவரிடங் கொடுத்துவிட்டு வெளியேறினார். 75 ரூபாச் சம்பளத்தில் ஆங்கில ஆசிரியராகப் பணிபுரியவும் விண்ணப்பித்தார். பட்டதாரியல்லர் என்று அதுவும் மறுக்கப்பட்டது. ஆசிரியத் தொழில் புரியும் எனக்கு இவ்விடத்தைப் படிக்குந்தோறும் நகைப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்றும். ஆறு மாதத்தின் பின் இராஜ்கோட் திரும்பி, விண்ணப்பங்கள் எழுதிக் கொடுத்து மாதம் 300 ரூபா வரையிற் சம்பாதித்தார். 1892ஆம் ஆண்டில் மணிலால் பிறந்தார். குடும்பம் சிறிது நிலைபெறும் வேளையில், தென்னாபிரிக்காவில் தாதா அப்துல்லா கம்பெனியாரின் வழக்கிற்கு உதவ ஓராண்டுக்கு 105 பவுண் ஊதியத்தில் அழைப்பு வந்தது. 1893 ஏப்பிரலில் மீண்டுங் கப்பல். மனைவி மீண்டும் இரு குழந்தைகளோடு கரையில் நின்றார். ஓராண்டென்றது மூன்றாண்டாயிற்று.

1896ஆம் ஆண்டில் அடிகள் வந்து மனைவி மக்களை உடன் அழைத்துச் சென்றார். அந்நிய நாட்டில் மதிக்கப்படவேண்டுமாயின் நாகரிக உடை வேண்டுமென்று அவரே முடிவுசெய்தார். மனைவிக்குப் பார்சிப் பெண்டிரின் சேலைக்கட்டு. பிள்ளைகளுக்குப் பார்சிச் சட்டையும் காற்சட்டையும். எல்லார்க்கும் சப்பாத்தும் காலுறையும். பழகாத கால்கள் புண்பட்டன. உண்ணுதற்குக் கத்தியும் முள்ளும் பிடிக்கப் பழகவேண்டியதாயிற்று. டர்பன் துறைமுகத்திற் கப்பல் பல நாள் தடுத்து நிறுத்தப்பட்டது. 1897 சனவரி 13ஆந் திகதி மனைவி மக்கள் ருஸ்தம்ஜி என்னும் பார்சி நண்பரின் வீட்டிற்கு முன்னரே அனுப்பப்பட, பின்னர் நடந்து சென்ற அடிகளை வெள்ளையர் கூட்டம் அடித்துக் காயப்படுத்திற்று. புது நாட்டிற் கஸ்தூரிபாயின் குடித்தனம் இவ்வாறு தொடங்கியது.

அடிகளின் வருவாய் அங்கே பெருகிற்று. எழுத்தர்களும் அவ்வீட்டிலேயே தங்கினர். ஒடுக்கப்பட்ட குலத்துப் பெற்றோர்க்குப் பிறந்த கிறித்தவ எழுத்தர் ஒருவரின் மலசலக் கலத்தை எடுக்கும் முறை 1898ஆம் ஆண்டில் ஒருநாள் அம்மையாருக்கு நேர்ந்தது. வளர்ந்த வழக்கத்தை விடமாட்டாது கண்ணீருடன் அதனைச் சுமந்து படியிறங்கினார். முகமலர்ச்சியோடு எடுக்கவேண்டுமென்று சினந்த கணவர், அவரைக் கையிற் பற்றிப் படலைவரை இழுத்துச் சென்றார். தாய்வீடென்று போவதற்கு அந்நாட்டில் இடமில்லை என்பதை அம்மையார் எடுத்துரைத்த பின்னரே அவர் நாணித் தெளிந்தார். அடிகளின் கொள்கை மனிதர் யாவரையும் ஒப்பக் கருதும் நேரிய கொள்கை. அதனைக் கற்பிக்கப் புகுந்த முறையோ கொடிது.

1901ஆம் ஆண்டில் தாயகந் திரும்ப எண்ணியபோது, நாட்டாலில் வாழ்ந்த இந்தியர் பொன்னும் வைரமுமாகப் பரிசில் குவித்தனர். அவற்றுள் 50 கினி பெறுமதியுள்ள பொன்மாலை கஸ்தூரிபாய்க்கென்றே அளிக்கப்பட்டது. அன்றிரவு அடிகளுக்கு உறக்கமில்லை. தொண்டிற்குக் கூலி பெறலாகாதெனத் துணிந்து, யாவற்றையும் பொதுநிதியாக்கத் திட்டமிட்டு, முதலிற் பிள்ளைகளைத் தம்பக்கஞ் சேர்த்துக்கொண்டார். அம்மையார் இசையவில்லை. முன்னர்த் தம் நகைகளை வாங்கிக்கொண்டவர் கணவரே என்பதை நினைவூட்டினார். இம்மாலை தமக்கே தரப்பட்டதென்று வாதித்தார். கணவரின் தொண்டிற்காகக் கிடைத்ததெனின், அத்தொண்டிற்காக இரவும் பகலும் வீட்டில் உழைத்த தம் உழைப்பு எக்கணக்கிற் சேரும் என்று கேட்டார். கேட்டவற்றுட் சில தம் உள்ளத்திற் தைத்தன என்று அடிகள் ஒப்புக்கொள்கின்றார். எனினும் மாலை பொதுநிதிக்கே சென்றது. பிற்காலத்தில் அம்மையாரும் அம்முடிவு நன்றென உணர்ந்தார் என அவர் எழுதுகின்றார். அது மெய்யாகவே இருக்கலாம். ஆனால் அவ்வினாவிற்கு விடையாக ஒரு பத்தியும் அந்நூலில் இல்லை.

அவ்வினாவைக் கேட்டவர் வாழ்வு அதனுடன் நின்றுவிடவில்லை. 1913ஆம் ஆண்டில், இந்தியரின் திருமணங்களைச் செல்லாதனவாக்கிய தீர்ப்பையடுத்து எழுந்த போராட்டத்திற் சேர்ந்து, மூன்று மாதக் கடுங்காவலைத் தாமே ஏற்றார். 1927 நவம்பரில் அடிகளோடு நம் இலங்கைக்கும் வந்தார். கூட்டமொன்றில் அவரை அறிமுகஞ் செய்தவர் அடிகளின் தாயாரென்று தவறிச் சொல்லிவிட, அடிகள் அத்தவற்றை மகிழ்ந்தேற்று, இப்பொழுது அவர் தமக்குத் தாய்நிலையிலேயே உள்ளார் என்னுங் கருத்துப்படப் பேசினார். 1944 பெப்ரவரி 22ஆந் திகதி, பூனாவிலுள்ள ஆகாகான் மாளிகைச் சிறையில், கணவரின் மடியிலே உயிர் நீத்தார். அடிகள் நூற்ற நூலில் நெய்த சேலை உடுத்தி எரியூட்டினர். சாம்பரை அள்ளியபோது அவர் அணிந்திருந்த கண்ணாடி வளையல்கள் உடையாது கிடந்தன என்று உடனிருந்தோர் கூறியுள்ளனர்.

இவ்வரலாற்றைப் படித்து முடித்த இரவில் என் கணக்கும் எனக்கு நினைவு வந்தது. மணமான புதிதில் நான் ஆசிரியப் பயிற்சிக்காக வெளியூர் சென்று தங்கிய இரண்டாண்டுக்கும் செலவு என் மனைவியாரின் காப்புச் சோடியால் நடந்தது. வட்டி ஏறி, தவணை தப்பி, அவை ஏலத்திற் போயின. பின்னர் வேறு நகை செய்வித்தேன். அக்காப்புகளைப்பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அன்று பேசினேன். அவற்றின் நிறை எவ்வளவென்று நினைவிருக்கிறதா என மனைவியார் கேட்டார். எனக்கு நினைவில்லை. அவர் அரைப் பவுணும் பிசகாது சொன்னார்.

மறுநாள் மாணாக்கனுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்நாட்டில் இறங்கியதும் கணக்குப் புத்தகமொன்று வாங்கவேண்டும். காணி ஈட்டையும் வங்கிக் கடனையும் எழுதுமுன், முதல் வரியில் மனைவியின் பெயரையும் காப்புகளின் நிறையையும் எழுதவேண்டும். அக்கடன் தீரும்வரை அப்பக்கத்தைக் கிழித்தலாகாது என்று அதில் எழுதியிருந்தேன். கணக்கியல் கற்கச் சென்ற பிள்ளைக்கு இது விளங்காமற் போகாது.