நட்சத்திரக் குறி தந்த க்ளேனி

நம் கல்லூரியில் கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு க்ளீன் ஸ்டார் என்ற நட்சத்திரக் குறி ஞாபகம் இருக்கும். பரீட்சைக்கு முந்தின ராத்திரி உருப்போட்டு, எழுதி முடித்ததும் மறந்துபோன குறி அது. அதற்குப் பெயர் தந்த மனிதர் தம் பெயரை க்ளேனி என்றுதான் உச்சரித்தார். அவரைப் பற்றி இந்த மலரில் நாலு வார்த்தை.

ஸ்டீபன் கோல் க்ளேனி 1909 ஜனவரி 5-ல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் பிறந்தார். ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் 1930-ல் பட்டம் பெற்றார். பிரின்ஸ்டனில் அலோன்சோ சர்ச்சிடம் ஆராய்ச்சி செய்து 1934-ல் டாக்டரானார். 1935-ல் விஸ்கான்சினில் ஆசிரியர் வேலை. யுத்த காலத்தில் கடற்படையில் கப்பல் வழி கணிக்கும் பாடம் நடத்தினார். பிறகு விஸ்கான்சினுக்கே திரும்பி, 1979-ல் ஓய்வு பெற்றார். மலையேறுவதென்றால் மனுஷருக்கு அவ்வளவு பிரியம்.

1951 கோடையில் ராண்ட் நிறுவனத்தில் இருந்தபோது, மெக்கல்லக்கும் பிட்ஸும் 1943-ல் எழுதிய நரம்பு வலைக் கட்டுரையை எடுத்துக்கொண்டார். அப்படிப்பட்ட வலை எந்தெந்த வரிசைகளை அடையாளம் காணும் என்று யோசித்தார். 1956-ல் அச்சான அந்த விடையில்தான் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பிறந்தது. அதன் சாரம் இதுதான்: இவ்வகைக் கோவை எதைச் சொன்னாலும், அதை அளவான ஞாபகம் உள்ள ஒரு இயந்திரம் கண்டுகொள்ளும். படிக்கும் எழுத்து எத்தனை கோடியானாலும் ஞாபகம் கூட வேண்டியதில்லை.

இதன் அருமை எனக்கு வேலையில்தான் புரிந்தது. நான் இருந்த ஒரு ஆபீஸில் சம்பளக் கோப்பைச் சரிபார்க்கும் புரோகிராம் சின்னக் கோப்பென்றால் ஓடும், பெரிசு வந்தால் படுத்துவிடும். மறுநாள் சம்பள நாள். ஸ்டாக் நிரம்பிவிட்டது என்றது மெஷின். ஸ்டாக்கைப் பெரிசாக்கலாம் என்றார்கள். ஆக்கினால் அடுத்த மாதம் அதைவிடப் பெரிய கோப்பு வந்து மறுபடி விழும். பார்த்தால், பழைய கோவையில் (அ|ஆ)* என்பது போல ஒரு துண்டு. அந்தத் தேடுகருவி ஒவ்வொரு எழுத்துக்கும் எந்தப் பக்கம் போனோம் என்று திரும்பி வர ஒரு குறிப்பை அடுக்கிக்கொண்டே போனது. அதை [அஆ]* என்று மாற்றினேன். பொருள் அதேதான். ஆனால் இப்போது வெறும் சுற்று, அடுக்கு வளராது. கோப்பு முழுசும் ஓடியது, சம்பளமும் போனது.

குறை க்ளேனியின் கணக்கில் இல்லை, அந்தக் கருவியில். சாத்தியமான நிலைகளை எல்லாம் ஒரே சமயத்தில் பின்தொடரும் வழியை கென் தாம்ஸன் 1968-லேயே எழுதிவிட்டார். ஆனாலும் பல மொழிகளின் கருவிகள் முன்னே போய்ப் பின்னே திரும்பும் வழியில்தான் எழுதப்பட்டன.

1990-ல் அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்ற க்ளேனி, 1994 ஜனவரி 25-ல் மாடிசனில் காலமானார். தம்பி தங்கைகளே, கோவை படுத்துவிட்டால் உடனே மெமரி கேட்காதீர்கள். நட்சத்திரத்துக்குள் என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.